பத்து ஐம்பத்திரண்டு மணிப் பதிவு

அவளுக்குப் பொறுமை இல்லை என்று சொன்னவர்கள் யாரும் அவள் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில், அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் பொறுப்பு அவளுடையது. ஆளுயரக் கலன்கள் இரண்டு. கதவை மூடி, காற்றை வெளியேற்றி, ஆவியை ஏற்றி, வெப்பம் நிலைத்து, அழுத்தம் இறங்கி, உலர்ந்து முடிய ஐம்பது நிமிடம் ஆகும். அதை நாற்பத்தெட்டாகக் குறைக்கச் சொல்லி மேல்தளத்திலிருந்து எத்தனை தொலைபேசி வந்தாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்.

"தாராளமா ரெண்டு நிமிஷம் முன்னாடி திறக்கலாம் டாக்டர். யார் வயித்துல வைக்கப்போறீங்கன்னு பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பத்தொன்பது ஆண்டுகளில் பெயரைச் சொன்ன மருத்துவர் ஒருவரும் இல்லை. அங்கே அவளுக்கு 'ஆவியம்மா' என்று பெயர். புதிதாகச் சேரும் செவிலியர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முதல் நாள் கீழ்த்தளத்துக்கு வரவே பயப்படுவார்கள். இரண்டாம் நாள் அவளைப் பார்த்த பிறகு வேறு காரணத்துக்காகப் பயப்படுவார்கள்.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அவள் விமானத்தில் போயிருக்கிறாள். ஐம்பது பேர் அமரும் சிறிய ஜெட் விமானம். அவளுக்கு முதல் வரிசை. புறப்படும் முன் விமானிகளின் அறைக்கதவு திறந்தே இருந்தது. ஒருவர் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க, மற்றவர் அந்தந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்த்த பிறகே பதில் சொன்னார். தொடாமல் ஒன்றுக்குக்கூட வாய் திறக்கவில்லை. வானத்துக்குப் போனபின் எல்லாரும் மேகத்தைப் பார்த்தார்கள். அவள் மூடிய அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்: "அவங்களும் என்னை மாதிரிதாங்க வேலை பார்க்கிறாங்க."

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினால் அடுத்தவருக்குத் தலைவலி வரும் என்று தெரிந்த மனிதர். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால்தான் பின்னறையில் அந்த விமானம் வந்தது.

ஒட்டுப்பலகையில் துளையிட்டு, விசைகளைப் பொருத்தி, ஒவ்வொன்றின் கீழும் எழுத்தைப் பொறித்துக் கொடுத்தவர் அவரே. கணினியில் 'சிமுலேட்டர்' எனப்படும் பறப்புப் பாவனைச் செயலி. அதற்குள் அதே ஐம்பது இருக்கை ஜெட்டின் நகல். வெறும் படமாக இல்லாமல், உண்மை விமானத்தின் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு மின்கம்பியும் அதில் கணக்காக ஓடிக்கொண்டிருந்தன. வானத்தில் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு அது சலிப்பூட்டும். அவளுக்கோ, தரையில் இருட்டாக நிற்கும் விமானத்தை முறைப்படி எழுப்புவதில்தான் உயிர். முதலில் மின்கலம். பிறகு தீ எச்சரிக்கைகள் ஒலிக்கின்றனவா என்று சோதனை. அதன்பின் வாலில் இருக்கும் சிறு எஞ்சின்; அது தரும் மின்சாரத்தில் திரைகள் விழிக்கும், அது தரும் காற்றில் பெரிய எஞ்சின் சுழலத் தொடங்கும். சுழற்சி நூற்றுக்கு இருபதைத் தொட்ட பிறகுதான் எரிபொருள். அவசரப்பட்டு முன்பே திறந்துவிட்டால் வெப்ப எண் எகிறும், எஞ்சின் வெந்துபோகும். அந்தச் செயலி மன்னிக்காது. வெந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வந்து உட்காரும்போது 'என்னைக் கெடுத்தது நீதான்' என்று கிளம்பாமல் நிற்கும். மொத்தம் இருபது நிமிட வேலை. ஏழு ஆண்டுகளாக அவள் அதில் ஒரு படியையும் தாண்டியதில்லை.

பொறுமையற்றவர்களுக்காக அதே செயலியில் ஒரு குறுக்குவழியும் உண்டு. விசைப்பலகையில் இரண்டு சாவிகளைச் சேர்த்து அமுக்கினால் நாற்பது நொடியில் எல்லாம் தானாக ஓடத் தொடங்கும். அவள் அதற்குச் 'சோம்பேறிச் சாவி' என்று பெயர் வைத்திருந்தாள். அதைத் தொட்டவர்களோடு அவள் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

உறவினர்கள் இந்த ஏழாண்டு உழைப்புக்கு வைத்திருந்த பெயர் 'கேம்'. "அண்ணி, இப்ப எந்த லெவல்ல இருக்கீங்க?" என்று கேட்பது கொழுந்தனுக்கு வழக்கம். அவன் ஒரு நிறுவனத்தில் விற்பனையாளர்களுக்குப் பயிற்சி தருபவன். எதையும் மூன்றே படிகளில் செய்து முடிக்கலாம் என்று மேடையேறிச் சொல்லிப் பழகிய நாக்கு.

அவளைப்போன்றவர்களுக்கென்று இணையத்தில் ஒரு சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் ஐந்நூறு பேருக்கு மேல். இந்த ஜெட்டை முறைப்படி இயக்குகிறார்களா என்று பிறரைச் சோதித்துச் சான்று தரும் தேர்வாளர்கள் அதில் இருவர்தான். இருவரும் உண்மை விமானங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். மூன்றாமவராக வர அவள் விண்ணப்பித்தாள். 'துறை அனுபவம் இல்லை' என்று திருப்பினார்கள். மறுபடியும் விண்ணப்பித்தாள். மறுபடியும் அதே வரி. இதற்கிடையில், மின்சாரம் பழுதானால் என்ன செய்வது என்று அவள் எழுதிய நாற்பது பக்கக் குறிப்பைச் சங்கம் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது, அவள் பெயரை மட்டும் கழற்றிவிட்டு. "அனுபவம் இல்லாதவ எழுதினதை வச்சு அனுபவம் உள்ளவங்களுக்கு எப்படிங்க பாடம் நடத்துறீங்க?" என்று அவள் பொதுவெளியில் ஒரே ஒரு வரி கேட்டபிறகு, தேர்வுக்கு நாள் குறித்தார்கள். ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. தேர்ச்சி பெற்றால் அவளும் தேர்வாளர். பின்னறையில் நடப்பது விளையாட்டல்ல என்று அவள் இனி யாருக்கும் வாயால் விளக்க வேண்டியிருக்காது.

தேர்வுக்கு ஒரு விதி உண்டு. அன்று விடிந்ததிலிருந்து விமானத்தைத் தொடக்கூடாது. தேர்வாளர் கண்முன்னேதான் திறக்க வேண்டும். முன்கூட்டியே எதையும் சரிசெய்து வைத்துவிடக் கூடாது என்பதற்காக. எந்த விசை எந்த நொடியில் எப்படி இருந்தது என்பதைச் செயலியே பதிந்து சங்கத்துக்கு அனுப்பிவிடும்.

ஞாயிறு காலை அவளுக்குப் பணி. ஒரு மணிக்கு வீடு திரும்பியபோது கொழுந்தனும் ஓரகத்தியும் வந்திருந்தார்கள். கூட வந்த அலுவலக நண்பர் பன்னிரண்டுக்கே கிளம்பிவிட்டாராம். கணவர் காலையிலிருந்து சமையலறையில் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் குளித்தாள், சாப்பிட்டாள், இரண்டே முக்காலுக்குப் பின்னறைக் கதவைச் சாத்தினாள். மூன்று அடித்ததும் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் தேர்வாளரின் குரல் வந்தது. அறுபதைத் தாண்டிய, கரகரத்த, நிதானமான குரல்.

"ஆரம்பிக்கலாமாம்மா?"

"ஆரம்பிக்கலாம் சார். மின்கலம் போடறேன்."

விசையை மேலே தள்ளினாள். பலகையில் இருந்த சிறு அளவி, இருபத்துநான்கு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது காட்டியது. திரைகள் கண் திறக்கவே இல்லை.

அவள் பதறவில்லை. "மின்கலம் வத்தியிருக்கு சார். இதுல மேல போக முடியாது. விசையை அணைச்சுட்டு வெளி வண்டியிலேர்ந்து தரை மின்சாரம் கேட்கிறேன்."

"சரியான முடிவு. ஏன் வத்துச்சு?"

"தெரியல சார். வெள்ளிக்கிழமை நான் நிறுத்தினப்ப இருபத்தஞ்சு."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. பிறகு நின்றது. திரும்பி வந்தபோது அந்தக் குரலில் 'அம்மா' இல்லை.

"இன்னிக்குக் காலையில பத்து ஐம்பத்திரண்டுக்கு விமானம் திறந்திருக்கு. தானியங்கித் தொடக்கம் பயன்படுத்தியிருக்கு. பதினொண்ணு நாலுக்கு எஞ்சினை நிறுத்தி மூடியிருக்கு. மின்கலத்தை அணைக்கல, அதான் செயலி மூடியிருந்தும் கணக்குப்படி வத்தியிருக்கு. என்ன மேடம் இது?"

சோம்பேறிச் சாவி. அவளுடைய பெயருக்கு நேராக. அவளுடைய விமானத்தில். காலையில் வீட்டில் யார் இருந்தார்கள் என்பது ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. எழுந்து போய்ச் சட்டையைப் பிடிக்கவும் கை பரபரத்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொரு கோபம் குறுக்கே வந்து நின்றது: இந்த மனிதர் அவளிடமா கேட்கிறார், என்ன இது என்று?

"சார், நான் அப்ப வேலையில இருந்தேன்."

"எல்லாரும் ஏதோ ஒண்ணு சொல்றாங்க மேடம். தம்பி பண்ணினான், பூனை ஏறி உக்காந்துச்சுன்னுகூட ஒருத்தர் சொல்லியிருக்காரு."

"பூனை வேணாம் சார். பதிவு உங்க முன்னாடிதான இருக்கு? வரிவரியாப் படிங்க. நானும் கேட்கிறேன்."

அவர் படித்தார். தொடக்கத்தில் வேண்டாவெறுப்பாக, போகப்போக மெதுவாக.

"சுழல்விளக்கு... அணைஞ்சிருக்கு."

"எஞ்சின் சுத்தப்போகுது, பக்கத்துல யாரும் வராதீங்கன்னு சொல்ற சிவப்பு விளக்கு. அதைப் போடாம நான் எஞ்சினைத் தொட்டிருக்கேனா சார்? ஏழு வருஷப் பதிவு உங்ககிட்ட இருக்கு. ஒரு தடவை காட்டுங்க."

"பயணிகள் கதவு... திறந்திருக்கு."

"மேல படிங்க."

"சக்கரத்தடை விடுபட்டிருக்கு. விமானம் நகர்ந்து..." அவர் ஒரு நொடி நிறுத்தினார். "பதினெட்டு மீட்டர் உருண்டு படிக்கட்டு வண்டியில மோதியிருக்கு."

"கதவைத் திறந்துபோட்டுக்கிட்டு, விளக்கு இல்லாம, உருண்டுபோய்ப் படிக்கட்டுல மோதி, மின்கலத்தையும் அணைக்காம எழுந்து போயிருக்கு ஒரு ஜென்மம். இதுல எது சார் என் கை? ஒரு விசையைக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. 'இது நீ பண்ணினது மாதிரி இருக்கு'ன்னு சொல்லுங்க, நானே இந்தச் சங்கத்தைவிட்டுப் போயிடறேன்."

மறுமுனையில் நெடிய மூச்சு ஒன்று கேட்டது. "உங்க கை இல்லம்மா. யார் பார்த்தாலும் தெரியும்."

'அம்மா' திரும்பி வந்தது. ஆனால் அதற்கடுத்து அவர் சொன்னதைக் கேட்டபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

"வரி இருக்கிறதுதான் பிரச்சினை. விதிப்படி தேர்வு ரத்து, மூணு மாசம் காத்திருக்கணும். ஆனா ஒண்ணு பண்ணலாம். பதிவைத் திருத்துற அனுமதி என்கிட்ட இருக்கு. அந்தப் பன்னெண்டு நிமிஷத்தை எடுத்துடறேன். யாருக்கும் தெரியவேணாம். நீங்க தரை மின்சாரத்துலேர்ந்து ஆரம்பிங்க. நீங்க சுலபமாத் தேறிடுவீங்க."

வேறு யாராவதாக இருந்தால் கும்பிட்டிருப்பார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

கீழ்த்தளத்தில் கலனுக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு சுற்றின் அழுத்தமும் வெப்பமும் நேரமும் அதில் ஏறும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, ஒட்டக்கூடாது, கிழிக்கக்கூடாது. அடியில் இருப்பது படிக்கும்படியாக ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் காரணத்தையும் கையெழுத்தையும் போட வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளில் அவளுடைய பதிவேட்டில் பதினோரு ஒற்றைக் கோடுகள் இருந்தன. பதினொன்றுக்கும் காரணம் இருந்தது.

"சார், நீங்க எத்தனை வருஷம் உண்மை விமானத்துல வேலை பார்த்தீங்க?"

"முப்பத்திரண்டு. பராமரிப்புல."

"அந்த விமானத்துக்கும் குறிப்பேடு இருந்திருக்குமே?"

"இல்லாம?"

"அதுலேர்ந்து ஒரு வரியை எடுத்திருக்கீங்களா?"

அவள் விடவில்லை.

"யாருக்கும் தெரியவேணாம்னு ஒரு பன்னெண்டு நிமிஷத்தை எடுத்திருக்கீங்களா சார்?"

"இல்லம்மா. வேலை போயிருக்கும். அதுக்காக இல்ல... அது தப்பு."

"அங்க தப்பு. இங்க மட்டும் எப்படி சார் உதவியாச்சு? இது விளையாட்டு, ஆவிக்கலன் ஓட்டுறவ பொழுதுபோகாம ஆடுறா, ஒரு வரி போனா என்னன்னுதான? எங்க வீட்டுல கேம்னு சொல்றவங்களாவது அறியாம சொல்றாங்க. நீங்க முப்பத்திரண்டு வருஷம் பார்த்துட்டு அதையே சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"வாயால சொல்லல."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ன பண்ணணும்கிறீங்க?"

"வரி இருக்கட்டும். தேர்வு ரத்துன்னே எழுதுங்க. மூணு மாசம்னா மூணு மாசம். ஆனா பக்கத்துல காரணம் இருக்கணும். செஞ்சவங்களே எழுதின காரணம்."

"ஆறு மணிக்குப் பதிவு மூடிடும்."

"அஞ்சுக்கே வரும்."

கூடத்தில் கொழுந்தன் சோபாவில் சாய்ந்து, ஓரகத்தியிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். கணவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதும் முதலில் நிமிர்ந்தவர் அவர்தான். அந்த முகத்தை அவர் அறிவார்.

"தம்பி, காலையில பின்னறைக்குப் போனீங்களா?"

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனை அவள் 'வா, போ' என்றுதான் பேசுவாள். 'நீங்க' என்று கேட்டதுமே ஓரகத்தி தன் காலை மடக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

கொழுந்தனுக்கு அது உறைக்கவில்லை. "ஆமா அண்ணி! நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்க என்னமோ இருபது நிமிஷம், இருபது நிமிஷம்னு உயிரை விடுறீங்களே, ஃபோன்ல தேடினேன், ரெண்டே கீ! நாப்பது செகண்ட்ல ரெண்டு எஞ்சினும் ஓடுச்சு. என் ஃப்ரெண்டு அசந்துட்டான். இவ்ளோ வருஷமா உங்களுக்கு இது தெரியாதா?"

கணவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

"நீங்க இருங்க," என்றாள் அவள் கணவரிடம். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியும் தம்பி. ஏழு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் தொடாம இருக்கிறதுக்குப் பேருதான் நான் பண்ணிட்டிருக்கிறது. இன்னிக்கு எனக்குத் தேர்வு. அது உங்களால ரத்தாச்சு. மூணு மாசம் தள்ளிப்போச்சு."

அவன் முகம் சுருங்கியது. "அய்யோ, கேம்ல போய் எக்ஸாமா... சரி அண்ணி, சாரி. நான் வேணா அவங்ககிட்டப் பேசட்டுமா? ஆளுங்ககிட்டப் பேசுறதுதான என் வேலை?"

"பேச வேணாம். எழுதணும். இங்க உக்காந்து, இப்ப."

மடிக்கணினியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சங்கத்தின் பக்கத்தில் அந்த வரியும் அதற்கு நேராக ஒரு வெற்றுக்கட்டமும் இருந்தன. இதை ஐந்நூறு பேர் படிப்பார்கள் என்பது தெரிந்ததும் அவன் குறுகிப்போனான். தட்டினான். அவள் பின்னால் நின்று படித்தாள்.

'எதிர்பாராத தொழில்நுட்பக் காரணத்தால் எஞ்சின்கள் இயங்கத் தொடங்கின.'

"அந்தத் தொழில்நுட்பக் காரணம் யாரு? என் சோபாவுல உக்காந்திருக்காரே, அவரா?"

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

'வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவரால் விமானம் தவறுதலாக இயக்கப்பட்டது.'

"விருந்தினருக்குப் பேரு, உறவு ஒண்ணும் கிடையாதா? தவறுதலா எப்படி? ரெண்டு சாவியும் கால் வழுக்கி அமுங்குச்சா?"

"அண்ணி, எனக்கும் வெளியில ஒரு பேரு இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு தம்பி. காலையில பத்து ஐம்பத்திரண்டு வரைக்கும்."

அதற்குமேல் அவன் வாதாடவில்லை. மூன்றாம் முறை நேராக எழுதினான்: தான் யார், அவளுக்கு என்ன உறவு, அவள் பணியில் இருந்தபோது அனுமதி கேட்காமல் அறைக்குள் போனது, நண்பரிடம் காட்டுவதற்காகச் சாவிகளை அமுக்கியது. அத்தோடு முற்றுப்புள்ளி வைக்கப் போனான்.

"படிக்கட்டு வண்டி?" என்றாள் அவள்.

"அதுவுமா?"

"அதையும் எழுதுங்க," என்றாள் ஓரகத்தி. "வீட்டு காரைக் கேட்டுல இடிச்சதுக்கும் 'கேட்டு முன்னாடி வந்துடுச்சு'ன்னுதான சொன்னீங்க. ஒரு தடவையாவது இடிச்சேன்னு எழுதுங்க, நான் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிறேன்."

'விமானம் சற்றே உருண்டு படிக்கட்டு வண்டியை உரசியது' என்று எழுதினான். அவள் குனிந்து 'சற்றே' என்பதைக் காட்டினாள். அது 'பதினெட்டு மீட்டர்' ஆனது. 'உரசியது' என்பதைக் காட்டினாள். 'மோதினேன்' ஆனது. கீழே முழுப்பெயரையும் உறவையும் போட்டு அனுப்பியபோது மணி நாலு நாற்பது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆபீஸ்லகூட என்னை யாரும் இப்படி எழுத வச்சதில்ல" என்று முனகினான்.

"வச்சிருந்தா நல்லாருந்திருக்கும்," என்றார் அண்ணன்காரர்.

அவள் சிரிக்கவில்லை. மூன்று மாதம் என்பது மூன்று மாதம்தான். அதுவரை சங்கத்தில் அந்த வரி நிற்கும்; மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சோம்பேறிச் சாவிக்கு நேராக அவள் பெயரை மட்டும் பார்ப்பார்கள், பக்கத்துக் கட்டத்தைப் படிக்கமாட்டார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை. பின்னறைக்குப் போய், வற்றிய மின்கலத்துக்குத் தரை மின்சாரத்தை இணைத்தாள். விமானத்தின் மூக்கு இன்னும் படிக்கட்டு வண்டியில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த அசிங்கத்தை முறைப்படி பின்னுக்கு இழுத்து நிறுத்துவதற்காக இழுவை வண்டியைக் கேட்டாள்.

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது சங்கத்தின் பக்கத்தில் புதிதாக ஒரு பதிவு வந்தது. தேர்வாளருடையது. ரத்துக்கான காரணம் ஏற்கப்பட்டது, மறுதேர்வு மூன்று மாதம் கழித்து, நாள் இது, நேரம் இது. அதன் கீழே தனியாக இரண்டு வரிகள்:

'இன்று மூன்று மணி பதினேழு நிமிடத்துக்கு, மேற்படிப் பதிவை நீக்கிவிடலாம் என்று தேர்வாளராகிய நான் சொன்னேன். அவர் மறுத்தார். மறுதேர்வை வேறொருவர் நடத்துவதே முறை.'

கீழே அவருடைய முழுப்பெயர்.

கணவர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா சொல்றாரு?"

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"அவரும் எழுதிட்டாருங்க," என்றாள். பிறகு அளவியைப் பார்த்தாள். இருபத்தொன்று, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் இருங்க. இதை இப்ப விட்டுட்டு வரமுடியாது."